அத்தி பூப்பது எங்கே?

நெடுநாள் காணாத நண்பர் ஒருவர் நம் இல்லத்திற்கு வருவாராயின், "அத்தி பூத்தாற் போல வந்தீர்" என்று கூறி அவரை வரவேற்பது நம்மவர் வழக்கு. அத்தி பூத்தலைக் கண்டார் ஒருவரும் இலர். ஆதலின் அஃது எப்பொழுதோ ஒருகால் நிகழும் அரிய நிகழ்ச்சி என்பது இவ்வழக்கின் உட்கருத்து. நம் பழைய நிகண்டு நூலாரும் பூவாது காய்க்கும் மரங்கள் சில உள எனக் கொண்டு, அவற்றிற்குக் 'கோளி' என்று ஒரு தனிப்பெயர் வகுத்தனர். அத்தியைப் பற்றி வேறொரு பழமொழியும் உண்டு. "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்பது அது. புறத்தே செம்மையும் அகத்தே இழிவும் உடையாரைச் சுட்டுதற்கு அதனை வழங்குகின்றோம்.

இவ்விரு மொழிகளும் உற்றுநோக்கும் இயல்பினரிடமிருந்தே பிறந்தன என்பதில் ஐயமில்லை. அத்தியின் கிளையில் மலர் காணப்படாமையும், பழத்தினுள்ளே சிற்றுயிர்கள் நெளிதலும் கண்கூடு. ஆயினும் இரண்டும் பாதி வழியில் நின்றுவிட்ட பார்வைகளாம். அத்தி பூவாத மரம் அன்று; ஆண்டில் பலமுறை பூப்பது. அதன் பழத்தகத்தே வாழும் உயிர்கள் யாவும் அதனைக் கெடுக்க வந்த புழுக்களும் அல்ல. அவற்றுள் ஓர் இனம் இன்றேல் அத்தி விதையின்றி ஒழியும். அத்தி இன்றேல் அவ்வினமும் ஒழியும். இயற்கையின் அற்புதங்களைக் காணத் தொலைநாடு செல்லுவோர், நம் வாய்க்காற் கரையில் நிற்கும் மரத்தினுள்ளே நிகழும் இவ்வற்புதத்தைக் காணாது கடந்து செல்கின்றனர். அதனைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூ இருக்குமிடம்

பழுக்காத இளம் அத்திக்காய் ஒன்றைப் பறித்துக் கூரிய கத்தியால் நெடுக்கே பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்குக. உள்ளே ஓர் உட்புழை காணப்படும். அப்புழையின் சுவர் முழுவதும் மயிர் போன்ற நுண்ணிய பொருள்கள் நெருங்கி நிற்றலைக் காணலாம். அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு பூ. சில இனங்களில் நூற்றுக்கணக்காகவும் சிலவற்றில் ஆயிரக்கணக்காகவும் இப்பூக்கள் அமைந்துள்ளன. நாம் காய் என்று சொல்லுவது உண்மையில் காய் அன்று. அஃது ஒரு பூங்கொத்து. சூரியகாந்தியின் தட்டையான பூந்தலையை விளிம்பெல்லாம் ஒன்றுகூடும்படி உட்புறமாக மடித்துப் பந்துபோலாக்கினால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறிருப்பதே அத்தியின் பூங்கொத்து. பூக்கள் உள்ளே, பச்சைத் தோல் வெளியே. ஆதலின் அத்தி பூப்பதை நாம் காணாமைக்குக் காரணம் அது பூவாமை அன்று; நாம் பிளந்து பாராமையே.

ஆல், அரசு, இத்தி, கல்லால், பேயத்தி ஆகிய யாவும் இவ்வமைப்பினையே உடையன. இவ்வினத்தைச் சார்ந்த மரங்களும் கொடிகளும் உலகில் 750-க்கு மேல் உள்ளன என்பர் தாவர நூலார்.

இங்ஙனம் பூக்களைப் பூட்டி வைத்த மரம் மகரந்தச் சேர்க்கைக்கு யாது செய்யும்? காற்று உட்புகாது, வண்டும் வண்ணத்துப்பூச்சியும் அணுகா. அக்கோளத்தின் நுனியில் மட்டும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி மூடிய ஒரு சிறு வாயில் உண்டு. அவ்வாயிலின் வழி நுழையத்தக்க விருந்தினர் ஒருவரே உளர். அவர் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சிறு குளவி.

விருந்தின் வருகை

உள்ளிருக்கும் பெண் பூக்கள் பருவமுற்றவுடன் அப்பூங்கொத்து ஒரு மணத்தைக் காற்றில் விடுகின்றது. நம் மூக்கிற்குப் புலப்படாத அம்மணத்தை அம்மரத்திற்கே உரிய குளவி தொலைவிலிருந்தே உணர்ந்து வருகின்றது. அத்தியின் குளவி ஆலினை நாடாது. ஆலின் குளவி அரசினை நாடாது. சில இனங்களுக்கு ஒன்றின் மேற்பட்ட குளவி வகைகள் உண்டென அறிந்திருப்பினும், ஓர் இன மரத்திற்கு ஒரு குளவி என்பதே பெரும்பான்மையான விதி.

வந்த பெண் குளவி செதில்களை நெருக்கிக்கொண்டு உட்புகுகின்றது. அதன் தலை தட்டையாய் ஆப்புப் போல அமைந்துள்ளது. தாடையின் அடிப்புறத்தே பற்கள் வரிசையாக நின்று பின்னோக்கி வழுக்காமற் காக்கின்றன. வழியின் நெருக்கத்தால் அதன் சிறகுகள் முறிந்து வீழ்கின்றன. உணர்கொம்புகளும் பெரும்பாலும் ஒடிந்துபோகின்றன. உள்ளே சென்ற அது மீண்டும் பறந்து வருதல் இல்லை. இவ்வழி ஒருமுறையே செல்லும் வழியாம்.

சிறகிழந்து இருளில் நிற்கும் அத்தாய்க் குளவி இரண்டு செயல்களைச் செய்கின்றது. தான் பிறந்த மரத்திலிருந்து கொணர்ந்த மகரந்தத்தைப் பெண் பூக்களின் மேல் இடுகின்றது. நம் அத்திக்குரிய குளவிக்கு மார்பின் அடியில் மகரந்தம் வைத்தற்கென்றே இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றினின்று கால்களால் எடுத்துப் பூசுகின்றது. பின்னர்த் தன் முட்டையிடு குழாயைச் சில பூக்களின் சூல்தண்டின் வழியே செலுத்திச் சூலகத்துள் முட்டையிடுகின்றது. இவ்விரண்டும் முடிந்தபின் அங்கேயே மாய்கின்றது.

பெண் பூக்கள் யாவும் ஒரே நீளமான சூல்தண்டு உடையன அல்ல. சில நீண்டன, சில குறுகின. குளவியின் குழாய் குறுந்தண்டுப் பூக்களின் சூலகத்தை எளிதில் எட்டும். நெடுந்தண்டுப் பூக்களின் சூலகத்தைப் பெரும்பாலும் எட்டாது. எட்டிய பூவில் ஒரு குளவிக் குஞ்சு வளரும். எட்டாத பூவில் ஒரு விதை வளரும். ஒரே அறையில் ஒரு பகுதி விருந்தினர்க்கும் மற்றொரு பகுதி வீட்டார்க்கும் பிரிக்கப்பட்டிருத்தல் காண்க.

அடுத்த தலைமுறை

சில வாரங்கள் கழிகின்றன. முதலில் வெளிப்படுவன ஆண் குளவிகள். அவற்றிற்குச் சிறகில்லை, கண்பார்வையும் மிகக் குறைவு. அவை தாம் பிறந்த இருண்ட அறையை விட்டு நீங்கி வாழ்தற்கென அமையவில்லை. தத்தம் பூக்கூட்டினுள் இன்னும் அடைபட்டிருக்கும் பெண் குளவிகளைத் தேடிக் கூட்டில் துளையிட்டு அவற்றோடு கூடுகின்றன. அதன்பின் பல ஆண் குளவிகள் ஒருங்கு சேர்ந்து பூங்கொத்தின் சுவரைக் கடித்து வெளிப்புறம் நோக்கி ஒரு சுரங்கம் தோண்டுகின்றன. தாம் செல்லுதற்கு அன்று. தம் துணைகள் செல்லுதற்கு. தோண்டி முடித்தபின் அவை இறக்கின்றன.

ஆண் பூக்கள் விரிந்து மகரந்தம் முதிர்வது இந்நேரத்திலேதான். பெண் பூக்கள் பருவமுற்ற காலத்தில் அவை முதிர்ந்திருப்பின் பயனில்லை. குளவிகள் புறப்பட்ட பின் முதிரினும் பயனில்லை. பெண் குளவிகள் கூட்டை விட்டு வெளிவந்து, மகரந்தத்தைத் தம் பைகளில் நிரப்பிக்கொண்டு, ஆண்கள் அகழ்ந்த வழியே வெளியுலகிற்குப் பறக்கின்றன. அவை உணவு கொள்வதில்லை. அவற்றின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரு நாள். அதற்குள் தம் இனத்து மரம் ஒன்றினைக் கண்டு, அதிலும் ஏற்ற பருவத்துப் பூங்கொத்தைக் கண்டு, உட்புகுதல் வேண்டும். இன்றேல் அவற்றின் குலம் அவற்றோடு முடியும்.

அவை எத்துணைத் தூரம் செல்லவல்லன? ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைநிலத்தில் ஊகாப் என்னும் ஆற்றோரத்தே காட்டத்தி மரங்கள் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் நிற்கின்றன. அவற்றின் விதைகளுக்குத் தந்தை எம்மரம் என்பதை மரபணுச் சோதனையால் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். குளவிகள் மகரந்தத்தைச் சராசரியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரமும், சில வேளை 160 கிலோமீட்டர் தூரமும் கொணர்ந்திருந்தமை புலனாயிற்று. எள்ளினும் சிறிய உடல், ஓரிரு நாளே ஆயுள், காற்றே ஊர்தி. சென்னைக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட தொலைவினும் மிக்க தூரத்தை அது கடக்கின்றது என்றால் வியவாதார் யார்?

நட்பும் கணக்கும்

இந்நட்பினைக் கேட்டவுடன், ஒருவர்க்கொருவர் கைம்மாறு கருதாது உதவும் உத்தமர் உறவு போலும் என்று எண்ணத் தோன்றும். இயற்கையோ கணக்கில் வல்லது. மகரந்தம் கொணராது முட்டை மட்டும் இட்டுச்செல்லும் குளவி ஒன்று இருப்பின் மரம் நட்டமுறுமன்றோ? மகரந்தமின்றிக் குளவிகளை உள்ளே புகவிட்டு ஆராய்ந்தவர்கள், பல இனங்களில் மரம் அத்தகைய பூங்கொத்துக்களை முதிரவிடாமல் உதிர்த்துவிடுதலைக் கண்டனர். உதிர்ந்த பூங்கொத்தினுள் இருக்கும் குஞ்சுகளும் அழியும். கடமை தவறிய விருந்திற்குக் கதவடைப்பு என்க.

அழையா விருந்தினரும் உளர். உள்ளே புகாமலே, உடலினும் பன்மடங்கு நீண்ட குழாயால் பூங்கொத்தின் சுவரை வெளியிலிருந்து துளைத்து முட்டையிடும் வேறு குளவிகள் பல உண்டு. நம் அத்தியில் வாழும் அத்தகைய குளவி ஒன்றினைப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். மயிரினும் மெல்லிய அக்குழாயின் நுனியில் அரம் போன்ற பற்கள் இருத்தலையும், அப்பற்களில் துத்தநாகம் செறிந்து அவற்றைக் கடினமாக்குதலையும் அவர்கள் கண்டனர். துளையிடும் கருவியின் நுனியைக் கடினமாக்குதலை மனிதன் கொல்லுலையிலே கற்றான்; இக்குளவியோ அதனைப் பிறப்பிலேயே பெற்றுள்ளது.

கலிபோர்னியா கற்ற பாடம்

இக்குளவியின் பெருமையை உலகம் பொருள் இழந்தே அறிந்துகொண்டது. சீமையத்தி வகைகளில் துருக்கி நாட்டு ஸ்மிர்னா நகரத்தின் பெயரால் வழங்குவது சுவையிற் சிறந்தது. 1880-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா நாட்டு உழவர்கள் அதன் கன்றுகளை வருவித்து நட்டனர். மரங்கள் தழைத்தன, காய்கள் தோன்றின, ஆனால் முதிராமலே உதிர்ந்தன. ஆண்டுதோறும் இதுவே நிகழ்ந்தது. ஸ்மிர்னா நகரத்தார் வாணிகப் போட்டியால் போலிக் கன்றுகளை அனுப்பி ஏமாற்றினர் என்று பலர் ஐயுற்றனர்.

ஸ்மிர்னா உழவரோ காட்டத்திக் காய்களைக் கொணர்ந்து தம் தோட்டத்து மரக்கிளைகளில் தொங்கவிடும் பழக்கம் உடையர். இப்பழக்கம் மிகத் தொன்மையானது. கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதனையும், அக்காய்களினின்று வெளிவரும் சிறு பூச்சிகளையும் எழுதி வைத்துள்ளார். கலிபோர்னியாவில் இதனை எடுத்துக் கூறியோர், கல்லாத உழவரின் மூடப்பழக்கத்தைப் பரப்புகின்றனர் என்று நகையாடப்பட்டனர். ஆயினும் பிரஸ்னோ என்னும் ஊரில் ஜார்ஜ் ரோடிங் என்பார் காட்டத்தியின் மகரந்தத்தைக் கண்ணாடிக் குழாய் வழியே காய்களினுள் ஊதிச் சோதித்தார், அக்காய்கள் பழுத்தன. உண்மை தெளிந்தது. பின்னர் அல்ஜீரியாவிலிருந்து குளவிகள் உள்ள காட்டத்திக் காய்கள் அனுப்பப்பட்டு, 1899-இல் அக்குளவி கலிபோர்னியாவில் நிலைபெற்றது. அதன்பின் மரங்கள் பழுத்தன. கலிபோர்னியா, ஸ்மிர்னா என்னும் இரு பெயரையும் இணைத்து அப்பழத்திற்குக் கலிமிர்னா எனப் பெயரிட்டனர்.

காட்டத்திக் காய் ஏன் வேண்டப்பட்டது என்பதும் அறிதற்குரியது. சீமையத்தியில் மரங்கள் இருவகை. குறுந்தண்டுப் பெண் பூக்களும் ஆண் பூக்களும் உடைய மரம் ஒன்று. அதுவே குளவி வளரும் இல்லம். நெடுந்தண்டுப் பெண் பூக்கள் மட்டுமே உடைய மரம் மற்றொன்று. அதுவே நாம் உண்ணும் பழம் தருவது. இரண்டும் ஒரே வகையாக மணத்தலின் குளவிக்கு வேறுபாடு தெரியாது. பின்னதனுள் புகுந்த குளவி மகரந்தம் தந்து, முட்டையிட இடங்காணாது வீணே மாய்கின்றது. நம் நாட்டுப் பேயத்தியிலும் இவ்வாறே மரங்கள் இருவகையாய் உள்ளன. இன்று பயிரிடப்படும் சீமையத்தி வகைகளுட் பல, குளவியின்றியே விதையற்றுப் பழுக்கும் இயல்பின. ஆதலின் உலர்ந்த அத்திப்பழம் உண்போர் அனைவரும் அஞ்சவேண்டுவதில்லை.

உறவின் தொன்மை

இவ்வுறவு எப்பொழுது தொடங்கியது? மரங்களின் மரபணுவையும் குளவிகளின் மரபணுவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தோர், இஃது ஏறத்தாழ ஏழரைக் கோடி ஆண்டுகட்கு முன்னர்த் தொடங்கியது எனக் கணிக்கின்றனர். இங்கிலாந்தின் தென்பால் உள்ள ஒயிட் தீவில் கல்லினுள் பதிந்த ஒரு சிறு பூச்சியை 1920-களில் கண்டெடுத்தோர், அதனை எறும்பு எனக் கருதி வைத்திருந்தனர். 2010-இல் அதனை மீண்டும் ஆராய்ந்தவர்கள், அஃது எறும்பன்று, அத்திக் குளவியே என நிறுவினர். 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய அவ்வுடலில், ஆப்புப் போன்ற தலையும், மகரந்தப் பைகளும், அவற்றுள் மகரந்தத் துகள்களும் இருந்தன. இமயமலை இன்றைய உயரத்தை அடையாத காலத்தே வாழ்ந்த அக்குளவிக்கும், நேற்று நம் வாய்க்காற் கரையில் பறந்த குளவிக்கும் அமைப்பில் வேறுபாடு மிகச் சிறிதே.

என்றும் திறந்த அன்னசத்திரம்

குளவியின் ஆயுள் ஓரிரு நாளாதலின், ஒரு காட்டிலுள்ள அத்தி மரங்கள் யாவும் ஒரே மாதத்தில் பூத்து ஓய்ந்துவிடுமாயின், எஞ்சிய மாதங்களில் குளவி எங்கே செல்லும்? ஆதலின் ஒரு மரம் பூக்கும்பொழுது மற்றொன்று காய்க்கும். அது காய்க்கும்பொழுது வேறொன்று பழுக்கும். ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு மரம் பருவத்தில் நின்றாக வேண்டும். குளவிக்காக ஏற்பட்ட இம்முறை காட்டிற்கே பெரும்பேறாயிற்று. ஏனைய மரங்கள் பழமற்று நிற்கும் வறண்ட மாதங்களிலும் ஆலும் அத்தியும் பழங்கொண்டு நிற்கின்றன. பச்சைப்புறா, குக்குறுவான், குயில், மைனா, இருவாட்சி, பழந்தின்னி வௌவால், மலையணில், குரங்கு எனப் பசித்து வருவாரெல்லாம் அங்கே உண்கின்றனர். உலகெங்கும் 1,200-க்கு மேற்பட்ட பறவை விலங்கினங்கள் இவ்வினப் பழங்களை உண்ணுதலை ஆராய்ச்சியாளர் தொகுத்துள்ளனர்.

உண்டவை விதைகளைத் தொலைவிடங்களிற் பரப்புகின்றன. நம் நாட்டில் பனையின் உச்சியில் ஆலங்கன்று முளைத்து, வேர்களால் அதனைத் தழுவி நிற்றல் யாவரும் கண்ட காட்சி. அது பறவை ஒன்று இட்ட வித்து. 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து அத்தீவின் உயிரெல்லாம் மாய்ந்த பின்னர், பறவையும் வௌவாலும் கடல் கடந்து விதை கொணர, காற்று குளவிகளைக் கொணர, நூறாண்டு கழிவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட அத்தி இனங்கள் அங்கே குடியேறின. சாம்பல் மூடிய நிலம் மீண்டும் காடாவதற்கு இவை பெரிதும் துணைசெய்தன.

நம் பொறுப்பு

இத்துணைத் தொன்மையும் வன்மையும் உடைய உறவு அசைக்க முடியாதது என்று எண்ணற்க. 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்னியோத் தீவின் லம்பீர் மலைக்காட்டில் கடும் வறட்சி நேர்ந்தது. இருவகை மரங்களையுடைய அத்தி இனங்கள் பல சில வாரங்கள் பூங்கொத்து ஈனாது நின்றன. அவ்விடைவெளி குளவிகட்கு எமனாயிற்று. அவை அவ்விடத்தில் அற்றுப்போயின. மழை பெய்து மரங்கள் மீண்டும் பூத்தும், விருந்தினர் இன்மையால் பூங்கொத்துக்கள் பயனின்றி உதிர்ந்தன. 2013-இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று, வெப்பம் இன்றைய நிலையினும் சில பாகை மிகுமாயின் இக்குளவிகளின் ஆயுள் நாளளவிலிருந்து மணியளவாகச் சுருங்கும் எனக் காட்டியது. சில மணி நேரத்தில் எம்மரத்தைத் தேடும்? எப்பொழுது உட்புகும்?

சென்னை அடையாற்றில் உள்ள பெரிய ஆலின் நடுவடிமரம் 1989-இல் புயற்காற்றால் வீழ்ந்தது. ஆயினும் விழுதுகள் தாங்க அம்மரம் இன்றும் நிற்கின்றது. புயலை வெல்லும் அம்மரமும் ஒரு மில்லிமீட்டர் குளவியின்றி ஒரு வித்தையும் முதிர்விக்க மாட்டாது. சாலையை அகலமாக்குதற்கு வழியோரத்து ஆலும் அரசும் வெட்டப்படும்பொழுது, ஒரு மரம் போயிற்று என்றே நாம் கணக்கிடுகின்றோம். அம்மரம், இரு நாள் ஆயுளுடன் காற்றில் வரும் வழிப்போக்கருக்கு இடைவழிச் சத்திரம் என்பதையும், அச்சத்திரங்களின் வரிசை இற்றுப்போனால் தொலைவில் நிற்கும் மரங்களும் மலடாகும் என்பதையும் எண்ணுவார் சிலரே.

மாணவ நண்பர்களே! இதனை நூலிற் படித்தலோடு அமையாது கண்ணாற் கண்டு தெளிதல் உங்கட்கு எளிது. அருகிலுள்ள அத்தி ஒன்றில் ஒரு கிளையைக் குறித்துக்கொண்டு, வாரந்தோறும் ஒரு காயைப் பிளந்து, கண்டதை ஏட்டில் எழுதி வருக. முதல் வாரம் பூவைக் காண்பீர்; பின்னர்ச் சிறகிழந்த தாய்க் குளவியின் உடலைக் காண்பீர்; இறுதியில் சுவரைத் துளைக்கும் ஆண் குளவிகளையும், பை நிறைய மகரந்தத்தோடு புறப்படும் பெண் குளவிகளையும் காண்பீர். அன்று, "அத்தனையும் புழு" என்று முகஞ்சுளித்து எறிந்த நம் முன்னைப் பிழை உங்களுக்கு விளங்கும். பிட்டுப் பார்த்தவர் பிழை செய்தாரல்லர். பிட்டபின் இன்னும் ஒரு கணம் நின்று பாராததே பிழை. அக்கணம் நிற்கக் கற்றவருக்கு அத்தி நாள்தோறும் பூக்கும்.